தோளுக்குப் பக்கத்தில் கை எலும்பு முறிவு, பிளேட் ஆபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு முறிவு மருத்துவராக வாரம் தவறாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. எக்ஸ்ரேயைக் காட்டி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதற்குள் அடுத்தவர் கதவைத் திறந்துவிடுவார். நோயாளிக்கும் கூட வந்த பிள்ளைகளுக்கும் வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்விகள் வரும். அவற்றுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. அதனால் உங்களுக்கான முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

முறிந்தது தோளா, கையா?

கை எலும்புதான். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. அதன் மேல்முனை பந்துபோல உருண்டு, தோள்பட்டையின் ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே, வெளிப்பக்கம் ஒரு பெரிய முண்டும் முன்பக்கம் ஒரு சிறிய முண்டும் உண்டு. கையைத் தூக்கவும் திருப்பவும் உதவும் தசைநாண்கள் இந்த முண்டுகளில்தான் ஒட்டியிருக்கின்றன.

பந்து, இரண்டு முண்டுகள், கீழே நீளும் தண்டு. எலும்பு முறியும்போது பெரும்பாலும் இந்த நான்கு பகுதிகளின் எல்லைகளில்தான் பிரிகிறது என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர் காட்மன் எழுதினார். அதை வைத்து 1970இல் சார்லஸ் நீர் வகுத்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரு துண்டு 1 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலோ அதைத் தனிப் பகுதியாக எண்ணுவோம். ரிப்போர்ட்டில் 'மூன்று பார்ட்', 'நான்கு பார்ட்' என்று எழுதியிருப்பது இந்தக் கணக்குதான். எலும்பு எத்தனை சில்லாக உடைந்தது என்ற கணக்கு இல்லை. பலர் அப்படி நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

அம்மா குளியலறையில் சும்மா வழுக்கித்தான் விழுந்தார். அதற்கா இவ்வளவு பெரிய முறிவு?

ஆமாம். இந்த முறிவு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. இளைஞர்களுக்கு பைக் விபத்து, உயரத்திலிருந்து விழுவது போன்ற பலத்த அடி வேண்டும். 60 தாண்டியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்று பல வருடங்களான பெண்களுக்கு, நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே போதும். வயதானவர்களுக்கு வரும் முறிவுகளில் இடுப்பு, மணிக்கட்டு இரண்டுக்கும் அடுத்தபடி இதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். கையைச் சரிசெய்துவிட்டு அதை அப்படியே விட்டால் அடுத்தது இடுப்பாக இருக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா, எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ஆபரேஷன் பரபரப்பில் நாங்கள் மருத்துவர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது நாள் கை முழங்கைவரை கறுத்துவிட்டது. ரத்தம் கெட்டுவிட்டதா?

இல்லை. முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழே இறங்குகிறது. முழங்கை, மார்பு, சில சமயம் விலாவரை கருநீலமாகும், அப்புறம் பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். ஆனால் விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ, தோளின் வெளிப்பக்கத் தோலில் தொட்டால் உணர்வே இல்லாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அக்குள் வழியாகப் போகும் ரத்தக்குழாயும் நரம்பும் முறிவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கின்றன.

பிளேட் வைத்தே ஆக வேண்டுமா?

பிளேட் என்பது முறிந்த துண்டுகளை ஸ்க்ரூ போட்டுச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு. பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாம். இந்த முறிவுகளில் அதிகமானவை விலகாதவை அல்லது கொஞ்சமாக விலகியவை. கையைத் தொங்கவிட்டுத் தாங்கும் ஆர்ம் பவுச், வலி மாத்திரை, சரியான நேரத்தில் தொடங்கும் பயிற்சி, இவற்றோடு அவை நன்றாகவே கூடிவிடும். தோள் மூட்டுக்கு ஒரு சலுகை உண்டு: எல்லாப் பக்கமும் சுழலக்கூடியது என்பதால், எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் அன்றாட வேலைக்குக் கை உதவும். முழங்காலிலோ கணுக்காலிலோ அந்தச் சலுகை கிடையாது.

விலகிய முறிவுக்கும் ஆபரேஷன் எப்போதும் மேல் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 'புரொஃபெர்' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. கை எலும்பின் கழுத்துப் பகுதியில், அதாவது பந்துக்கும் முண்டுகளுக்கும் கீழே, முறிந்து விலகிய 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் (பெரும்பாலும் பிளேட்), மறுபாதிக்குக் கைத்தாங்கல் மட்டும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வலியிலும் கையின் உபயோகத்திலும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்.

இதைப் படித்த பிறகு என் பழக்கம் மாறியது. முன்பு எக்ஸ்ரே அசிங்கமாகத் தெரிந்தாலே தியேட்டருக்கு எழுதிவிடுவேன். இப்போது முதலில் நோயாளியைப் பார்க்கிறேன்: வயது என்ன, எலும்பு எப்படி, அந்தக் கையால் என்ன வேலை செய்கிறார், ஆறு மாதம் பயிற்சி செய்யும் நிலையில் இருக்கிறாரா. எக்ஸ்ரே அதற்கு அப்புறம்தான்.

அப்படியானால் பிளேட் யாருக்கு?

மூட்டு நழுவியதோடு சேர்ந்து முறிந்தவர்கள், தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தவர்கள், ரத்தக்குழாய் அடிபட்டவர்கள் ஆகியோரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படும். தண்டும் பந்தும் ஒன்றையொன்று தொடாமல் முழுக்க விலகி நின்றால் தானாகச் சேர்வது கடினம். பெரிய முண்டு 5 மி.மீ.க்கு மேல் மேலே ஏறியிருந்தால், கையைத் தூக்கும்போது அது மேலேயுள்ள எலும்பில் இடிக்கும். கட்டடத் தொழிலாளி, பெயின்டர் போலத் தலைக்கு மேல் கை வைத்து உழைப்பவர்களுக்கு இந்தச் சில மில்லிமீட்டர் ரொம்ப முக்கியம்.

என் கணிப்பில் பிளேட்டால் உண்மையான பலன் பெறுகிறவர்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள், கெட்டியான எலும்பும் நன்றாக விலகிய முறிவும் உள்ளவர்கள். வயது ஏற ஏறக் கணக்கு மாறும்.

இந்த பிளேட்டில் அப்படி என்ன விசேஷம்?

பழைய பிளேட்டுகளில் ஸ்க்ரூ, பிளேட்டை எலும்போடு இறுக்கி அழுத்தும். அந்த அழுத்தம்தான் பிடிப்பு. ஆனால் வயதானவரின் பந்து எலும்பு உள்ளே கிட்டத்தட்ட வெற்றுக்கூடு. அதில் ஸ்க்ரூ போடுவது ஈரச் சுவரில் ஆணி அடிப்பதுபோல. நாலு நாளில் ஆடிவிடும்.

2000களின் தொடக்கத்தில் பரவலான 'லாக்கிங்' பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை உண்டு, பிளேட்டின் துளையிலும் மரை உண்டு. ஸ்க்ரூ போய் பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும். வெவ்வேறு கோணங்களில் பந்துக்குள் போகும் ஸ்க்ரூக்களும் பிளேட்டும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிடும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனியாகத் தளர முடியாது. 'ஃபைலோஸ்' என்று பில்லில் பார்க்கிறீர்களே, அது இந்த வகையில் மிகவும் பழக்கமான பிளேட்டின் பெயர். பல கம்பெனிகளின் ஒத்த மாதிரிகளையும் நம் ஊரில் அதே பெயரில்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பூட்டுக்கு ஒரு விலை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பந்து சரிந்து உட்கார்ந்தால் ஸ்க்ரூ நெகிழ்ந்து கொடுக்காது. அசையாமல் நின்று, பந்தைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் எட்டிப்பார்க்கும். கீழே சிக்கல்களைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

ஆபரேஷன் எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்?

மூட்டு நழுவியிருந்தாலோ ரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தாலோ உடனே. மற்றபடி ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கலாம். அந்த நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் கேட்கலாம், சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் துண்டுகள் தவறான இடத்தில் ஒட்டத் தொடங்கும். அப்புறம் பிரித்துச் சேர்ப்பது சிரமம்.

தியேட்டரில் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, கூடவே கழுத்துப் பக்கத்தில் கைநரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போடுவார்கள். அந்த ஊசியின் தயவில் முதல் சில மணி நேரம் வலியே தெரியாது. ஆபரேஷன் முடிந்து விழித்ததும் கை மரக்கட்டைபோலக் கிடந்தால் பயப்படாதீர்கள். குரல் கொஞ்சம் கம்மலாகலாம், அந்தப் பக்கக் கண்ணிமை தொங்கலாம், மூச்சு முழுசாக இழுக்க முடியாததுபோல் இருக்கலாம். மருந்து இறங்கியதும் எல்லாம் சரியாகும். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டியிருக்கலாம்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததுபோலப் படுக்கவைத்து, தோளின் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் போடுவோம். மார்புத் தசைக்கும் தோள் தசைக்கும் இடையே இயற்கையாகவே ஒரு வழி இருக்கிறது. அதன் வழியாகப் போனால் தசையை வெட்டத் தேவையில்லை. தோளின் பக்கவாட்டில் தசையைப் பிளந்து போகும் வழியும் உண்டு. தோள் எலும்பின் விளிம்பிலிருந்து 5 முதல் 7 செ.மீ. கீழே அங்கே ஒரு நரம்பு குறுக்கே ஓடுவதால், அந்த வழியில் போகிறவர்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

பார்க்கிறவர்களுக்குப் பிளேட்தான் பெரிய விஷயமாகத் தெரியும். உண்மையில் நேரம் போவது துண்டுகளை இடத்தில் உட்காரவைப்பதில்தான். முண்டுகளை எலும்பாகப் பிடித்தால் நொறுங்கிவிடும். அதனால் அவற்றில் ஒட்டியிருக்கும் தசைநாணில் கெட்டியான நூலைக் கோத்து, கடிவாளம்போல இழுத்து இடத்துக்குக் கொண்டுவருவோம். தற்காலிகக் கம்பி குத்தி நிறுத்தி, தியேட்டரிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து, பிறகே பிளேட். அந்த நூல்களைக் கடைசியில் பிளேட்டின் ஓரத் துளைகளில் கட்டிவிடுவோம்.

பிளேட் பெரிய முண்டின் உச்சிக்கு 5 முதல் 8 மி.மீ. கீழே உட்கார வேண்டும். அதற்கு மேலே போனால் கையைத் தூக்கும்போது இடிக்கும். பந்தின் அடிப்புற உள்பக்கத்தைத் தாங்கும் ஒன்றிரண்டு சாய்ந்த ஸ்க்ரூக்கள் மிக முக்கியம். பந்து உள்பக்கமாகச் சரியாமல் அவைதான் முட்டுக்கொடுக்கின்றன. எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும்.

என்னென்ன தவறிப்போகலாம்?

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த ஆபரேஷனில் சிக்கல் குறைவில்லை. லாக்கிங் பிளேட் வைத்த 155 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2009இல் வெளியானது. மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எதிர்பாராத இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது. அதிகம் நடந்த தவறு, ஆபரேஷனின்போதே ஸ்க்ரூ நீளமாகப் போய் மூட்டுக்குள் துருத்தியது. அது பிளேட்டின் குற்றம் இல்லை, போட்டவரின் கையில் இருக்கும் விஷயம். 'இந்த ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, பந்து சரிவது. உள்பக்க எலும்பு நொறுங்கியிருந்தாலும் எலும்பு மெலிந்திருந்தாலும் இது நடக்கும்.

மூன்றாவது, பந்துக்கு ரத்தம் போகாமல் அது மெல்லச் செத்துப்போவது. முறிவு நடந்த நொடியிலேயே ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம், ஆபரேஷன் அருமையாக நடந்தும் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் கழித்து இது தெரியவரலாம். பந்தோடு ஒட்டியிருக்கும் உள்பக்க எலும்பு 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, அந்த உள்பக்க இணைப்பும் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ரத்த ஓட்டம் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று சுவிஸ் மருத்துவர் ஹெர்ட்டல் குழு 2004இல் காட்டியது. அப்படியும் பலருக்கு ரத்த ஓட்டம் திரும்பியிருக்கிறது.

சீழ் பிடிப்பது, நரம்பு இழுபட்டுத் தற்காலிகமாகச் செயலிழப்பது, எலும்பு சேராமல் போவது ஆகியவையும் உண்டு. புகை பிடிப்பவர்களே, எலும்பு சேரும்வரையாவது நிறுத்துங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். சரியா?

யோசிக்க வேண்டிய யோசனைதான். 'ரிவர்ஸ்' மூட்டில் பந்தைத் தோள்பட்டை பக்கமும் கிண்ணத்தைக் கை எலும்பின் பக்கமும் மாற்றி வைக்கிறார்கள். தசைநாண்கள் பலவீனமாக இருந்தாலும் தோளின் பெரிய தசை ஒன்றை வைத்தே கையைத் தூக்கிவிடலாம். நார்வேயில் 65 முதல் 85 வயதுள்ள 124 பேரிடம் இதையும் பிளேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, நூற்றுக்குக் கணக்கிடும் தோள் மதிப்பெண் மாற்று மூட்டுக்காரர்களுக்கு சராசரி 68, பிளேட்காரர்களுக்கு ஏறக்குறைய 55. மோசமாக விலகிய முறிவு என்றால் அந்த வயதில் நானும் பிளேட்டைவிட இதையே சொல்வேன். செலவு அதிகம், பின்னால் சீழ் பிடித்தால் சமாளிப்பது கடினம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாட்டுக் கட்டு கட்டினால் போதாதா?

விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும், கட்டே இல்லாமல் ஆர்ம் பவுச்சிலும் சேரும். அதனால்தான் அந்தக் கட்டுகளுக்கு நல்ல பெயர். ஆனால் தோளுக்கு அருகே மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. எண்ணெய் தேய்த்து உருவுவதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். துண்டுகள் நகரும், சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் வருபவர்களைப் பார்க்கும்போது மனது ரொம்பக் கஷ்டப்படுகிறது.

ஆபரேஷன் முடிந்தது. எப்போது கையை அசைக்கலாம்?

விரல், மணிக்கட்டு, முழங்கையை மறுநாளே. தோளையும் சீக்கிரமே. பிளேட் வைப்பதற்கு முக்கியமான காரணமே இதுதான். ஆறு வாரம் கையை மடியிலேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஆபரேஷனே வேண்டியதில்லை.

முதல் சில நாட்களில் ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஊசலாடும். கையை நீங்களாக ஆட்டக் கூடாது. அப்புறம் படுத்துக்கொண்டு, நல்ல கையால் மற்றதைப் பிடித்துத் தூக்குவது. ஆறு வாரத்தை ஒட்டி எக்ஸ்ரே எடுத்து எலும்பு சேர்வது தெரிந்த பிறகு, கை தன் சொந்த பலத்தில் மேலே போகலாம். சுவரில் விரல்களை நடத்தி ஏறுவது அப்போதுதான். தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு. உங்கள் எலும்பின் தரத்தைப் பொறுத்து உங்கள் மருத்துவர் இந்த நாட்களைத் தள்ளிவைக்கலாம்.

வலிக்கும்போது செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இழுப்பதுபோன்ற வலி பரவாயில்லை. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் தொடருங்கள். இரவெல்லாம் குடைந்தால் மறுநாள் குறையுங்கள். வாரம் மூன்று நாள் பிசியோவுக்குப் போய் ஒரு மணி நேரம் செய்வதைவிட, வீட்டிலேயே தினம் நான்கைந்து முறை பத்து நிமிடம் செய்வது நல்லது.

தூங்குவது, குளிப்பது, உடை மாற்றுவது?

மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து வலி உயிர் போகும். முதல் இரண்டு மூன்று வாரம் சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்தோ, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்தோ தூங்குங்கள்.

சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியோ சட்டையோ வசதி.

நம் வெயிலில் அக்குள் கவனிக்க வேண்டிய இடம். கையை ஒட்டியே வைத்திருந்தால் வேர்த்து, புண்ணாகி, படை வந்துவிடும். குனிந்து கையைத் தொங்கவிட்டால் அக்குள் திறக்கும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் சீக்கிரம் சேருமா?

பிடித்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை. அதற்காக எலும்பு வேகமாகச் சேராது. முட்டை, பருப்பு, மீன், பால், தயிர் என்று புரதமும் கால்சியமும் வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறைந்தால் மாத்திரை எடுங்கள்.

பிளேட்டைப் பின்னால் எடுக்க வேண்டுமா? எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?

தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம், ஆயுள் முழுக்க இருக்கலாம். இடித்தால், ஸ்க்ரூ துருத்தினால், சீழ் பிடித்தால் எடுப்போம். பெரும்பாலான பிளேட்டுகள் டைட்டானியம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஸ்கேன் அறையில் முன்பே சொல்லிவிடுங்கள்.

வண்டி ஓட்டுவது?

பவுச்சில் கை இருக்கும்வரை எந்த வண்டியும் கூடாது. திடீர் பிரேக் போடும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க முடிய வேண்டும். இருசக்கர வண்டிக்கு மூன்று மாதமாவது ஆகும்.

எப்போது உடனே திரும்பி வர வேண்டும்?

தையலில் நீர் அல்லது சீழ், காய்ச்சல், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடுவது, கையைத் திருப்பும்போது உள்ளே புதிதாக உரசும் உணர்வு, காலிலோ கையிலோ திடீர் வீக்கம், மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிவியூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

கை பழையபடி முழுசாக மேலே போகுமா?

சிலருக்குப் போகும். பலருக்குக் கடைசிக் கொஞ்சம் குறையும், முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோவதிலும் குறை இருக்கும். ஆறு மாதத்தில் இருக்கும் நிலையே முடிவு என்று நினைத்துப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் வரையிலும், அதற்குப் பிறகும் முன்னேற்றம் வருவதைப் பார்க்கிறேன்.

பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா ஆறாவது மாதம் வந்தபோது கை தோள் மட்டத்துக்குச் சற்று மேலேதான் போனது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'கொண்டை போட வருமா டாக்டர்?' முழங்கையைச் சுவரில் ஊன்றி, தலையைச் சாய்த்துப் போட்டுப் பழகச் சொன்னேன். ஒரு வருடம் முடிந்து வந்தபோது சுவர் தேவைப்படவில்லை. கொண்டையில் பூவும் வைத்திருந்தார். ரவிக்கையின் பின்கொக்கியை மட்டும் இன்னும் மகள்தான் மாட்டிவிடுகிறாராம்.